பரண் கட்டுகிற சத்தத்துக்கு மான் ஓடுமா?

வாசகர் கேள்வி: கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் செவக்காடு. ஆடிப்பட்டத்தில் கடலை போட்டு இருபது நாள் ஆகிறது. பொழுது சாய்ந்த பிறகும் விடியக்காலையிலும் புள்ளிமான் கூட்டமாக இறங்கிக் கொழுந்தை மேய்ந்துவிட்டுப் போகிறது. காட்டின் கீழ்க்கோடியில் பெரிய புளியமரம் ஒன்று உண்டு. தாத்தா காலத்தில் வேட்டைக்குப் பரண் கட்டிய மரம் அது. அதிலேயே காவலுக்கு ஒரு பரண் போடலாம் என்று இருக்கிறோம். கிளை கழித்து, பலகை அடித்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். சித்தப்பா, "நீ ரம்பம் போடுற சத்தத்துக்கே மான் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது, பரணே வேண்டியதில்ல" என்கிறார். மச்சினர், "ரெண்டு நாள் ஒளிஞ்சிருக்கும், மூணாம் நாள் வந்துரும்" என்கிறார். யார் சொல்வது சரி? மலையோர மூலையில் ஒரு வேப்பமரமும் நிற்கிறது, எதில் போடுவது? வனத்துறையிடம் கேட்க வேண்டுமா?

பதில்: உங்கள் மச்சினர் சொல்வதுதான் நடப்புக்குப் பக்கம். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள் வருகிற மான், நீங்கள் சத்தம் போட்ட மரத்தடிக்கே வந்து நிற்கக்கூடும். கழித்துப் போட்ட புளியந்தழை அங்கேதானே கிடக்கும்?

பகல் பதினொரு மணிக்கு நீங்கள் கிளை அறுக்கத் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். மலைச்சரிவுப் புதருக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும் பெண்மான் முதலில் அசைபோடுவதை நிறுத்தும். காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். ஒன்று உங்கள் பக்கம், மற்றது பின்பக்கம். எழுந்து நிற்கும். முன்னங்காலால் தரையில் ஒரு தட்டு, வால் நிமிரும். சத்தம் அதே இடத்திலிருந்து அதே மாதிரி வந்துகொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் தாடை மறுபடி அசையும். அதே சத்தம் ஐம்பது அடி கிட்டே நகர்ந்து வந்தால் கதை வேறு. கூவிக்கொண்டு கூட்டமே எழுந்து ஓடும். எவ்வளவு பெரிய சத்தம் என்பதை விட அது நகர்கிறதா, எந்த வேளையில் கேட்கிறது என்பதைத்தான் மான் பார்க்கிறது.

உங்கள் ஊர் மான் கேட்காத சத்தமா? மோட்டார் ரூம், டிராக்டர், நான்கு வழிச்சாலை லாரியின் ஏர்ஹாரன், திருவிழாவுக்கு மூன்று நாள் ஓயாத குழாய் ஸ்பீக்கர். இதற்கெல்லாம் பழகிய மானுக்கு பகல்நேர ரம்பச் சத்தம் இன்னொரு இரைச்சல், அவ்வளவுதான். ஆனால் இரும்பில் இரும்பு மோதுகிற "ணங்" சத்தம் கொஞ்சம் விசேஷம். அமெரிக்க வெள்ளைவால் மானின் காதைச் சோதித்ததில், அதற்கு 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள கீச்சுச் சத்தங்கள் மிகத் துல்லியமாகக் கேட்பது தெரிந்தது. மேல் எல்லை 30,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகிறது. மனிதக் காதுக்கு 20,000தான். செயின் சாவின் உறுமலுக்கு அசையாத மான், அந்தி வேளையில் இரும்பு ஏணி பைப்பில் உரசியதும் தலையைத் தூக்குவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் இதே கேள்வியை நேர் எதிர்க் கவலையோடு கேட்பார்கள். அங்கே வெள்ளைவால் மானை லைசென்ஸ் எடுத்து சீசனில் வேட்டையாடலாம். மரத்தில் இருக்கை மாட்டுகிறவர்கள், சத்தத்தில் மான் போய்விடுமோ என்று பயந்து, சீசனுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே கிளை கழித்து வைத்துவிடுவது வழக்கம். மரமும் மனித வாடையும் பழசாகட்டும் என்றுதான். அதே நாட்டின் வடபகுதியில், பனிக்காலத்தில் மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்த இன்னொரு சங்கதி உண்டு: செயின் சா சத்தம் கேட்டால் மான் தேடி வரும். விழுந்த மரத்தின் நுனிக் கொழுந்துதான் காரணம். நம்மூரில் துரட்டியைத் தூக்கினால் ஆடு ஓடி வருவது மாதிரி. நம் காடுகளிலும் மந்தி மரத்திலிருந்து உதிர்க்கிற தழைக்காகப் புள்ளிமான் அடியில் காத்து நிற்பது சாதாரணக் காட்சி.

ஆக, ரம்பமும் சுத்தியலும் உங்களுக்கு வாங்கித் தருவது ஓரிரண்டு இரவு. மேய்ச்சல் காய்ந்து கிடந்தால் அதுவும் இல்லை. அப்படியானால் மான் எதற்குத்தான் பயப்படுகிறது? மனிதக் குரலுக்கு. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காட்டுப் பகுதியில் தண்ணீர்க் குட்டைகளின் ஓரம் ஒலிபெருக்கி வைத்து, சிங்கத்தின் குரல், நாய்க் குரைப்பு, துப்பாக்கி வெடி, மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வது ஆகியவற்றை ஒலிக்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. விலங்குகள் அதிகமாக ஓடியது மனிதப் பேச்சைக் கேட்டுத்தான். சிங்கமும் துப்பாக்கியும் அதற்குப் பின்னால். கூச்சல்கூட இல்லை, வெறும் பேச்சு! தினைப்புனத்துப் பரணில் உட்கார்ந்து வள்ளி "ஆலோலம்" பாடியதாக நம் ஊர்க் கதை சொல்கிறதே, பழமுதிர்சோலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது மரத்துக்கு வருவோம். தாத்தா காலத்து வேட்டை மரம் காவலுக்கு ஆகாது. வேட்டைக்காரர் மரம் தேர்ந்தெடுத்த கணக்கு வேறு. மான் மலையிலிருந்து இறங்கும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்றும் மலையிலிருந்து கீழ்நோக்கித்தான் இறங்கும். கீழ்க்கோடியில் அடர்ந்த புளிக்குள் உட்கார்ந்தால் மானின் வாடை அவருக்கு வரும், அவர் வாடை மானுக்குப் போகாது. இலை மறைவில் ஆளும் தெரியாது. வேட்டைப் பரண் ஒளிந்துகொள்ள. காவல் பரணில் இருக்கிறவர் தெரிய வேண்டும், வாடை அடிக்க வேண்டும், குரல் கேட்க வேண்டும். புளியில் போட்டால் ஒன்று நடக்கும்: மான் மூன்று ஏக்கரையும் மேய்ந்துகொண்டே உங்கள் காலடிக்கு வரும்போதுதான் நீங்கள் இருப்பதே அதற்குத் தெரியும்.

எனவே மலையோர வேம்புதான். அதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மான் இறங்குகிற தடத்தின் மேலேயே பரண் அமைந்துவிடக் கூடாது. மான் வயலுக்குள் வந்த பிறகு மலைப்பக்கத்திலிருந்து நீங்கள் கத்தினால், அது திரும்பிப் போக வழியில்லாமல் கீழே ஓடும். கீழே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கலாம், நான்கு வழிச்சாலை இருக்கலாம். நீங்கள் சொல்கிறபடி வேம்பு மூலையில் நிற்பது நல்லதாயிற்று. தடத்துக்கும் வேம்புக்கும் நூறு அடியாவது இடைவெளி இருக்கிறதா என்று காலால் அளந்து பாருங்கள். மான் உள்ளே வருவதற்கு முன்னாலேயே பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும். உள்ளே வந்துவிட்டால், பரணில் இருந்தபடியே கீழ்ப்பக்கமாக டார்ச் அடித்து, மலைப்பக்கத்தை இருட்டாக விட்டு, பதறாமல் திரும்பிப் போக நேரம் கொடுங்கள். நாயை அவிழ்த்து விடவே கூடாது. நாய் துரத்திய மான் திசை பார்க்காது.

அதற்கும் முன்னால், மேய்வது மான்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடலையைத் தோண்டி, மண்ணைக் கிளறிப் போட்டிருந்தால் அது காட்டுப்பன்றி. பரண் திட்டமே மாறும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கடித்து வெட்ட முடியாமல் பிடித்து இழுத்துக் கிழிக்கும். தண்டின் முனை நார்நாராகக் கிழிந்து நின்றால் மான். பிளேடால் சாய்வாகச் சீவினாற்போல் இருந்தால் முயல். மான் இறங்குகிற வரப்பை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் வேப்பங்கொத்தால் கூட்டி விடுங்கள். காலையில் பார்த்தால் புள்ளிமான் குளம்பு சுமார் இரண்டு அங்குலம், நுனி கூர்மையாக, இதயத்தை நீளவாக்கில் இழுத்த மாதிரி பதிந்திருக்கும். மிளா (கடமான்) என்றால் அதே அச்சு, இன்னும் பெரிது. பன்றிக்குக் குளம்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிறு குத்துகள் விழும். வெள்ளாட்டுக் குளம்பின் நுனி மழுங்கல். இந்தத் தடமண் பிறகும் உதவும்.

வேலை எப்போது? இங்கேதான் சித்தப்பாவின் பேச்சிலும் கொஞ்சம் பயன் இருக்கிறது. சத்தம் ஓரிரண்டு இரவு உதவும் என்றால், அந்த இரவுகளைப் பயிருக்கு மிக வேண்டிய நேரத்தில் செலவழியுங்கள். கடலை இருபத்தைந்து முப்பது நாளில் பூவெடுக்கும். அதன் பிறகு காய் பிடிக்கிற விழுது மண்ணுக்குள் இறங்கும். கொழுந்து போனால் காய் குறையும் என்பதால் வருகிற மூன்று வாரம்தான் முக்கியம். சத்தமில்லாத வேலைகளை, அதாவது கம்பு வாங்கி வருவது, கயிறு அளப்பது, குழி எடுப்பதை, இந்த வாரமே முடித்து வையுங்கள். கிளை கழிப்பதையும் பலகை அடிப்பதையும் ஒரே நாளில் தீர்க்காமல் நான்கு துண்டாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், மாலை நான்கரைக்கு மேல் தொடங்கி இருட்டும் முன் முடியுங்கள். மான் இறங்கத் தயாராகிற வேளையில் மூன்று பேர் பேசிக்கொண்டே தட்டுகிற சத்தத்துக்கு இருக்கிற மதிப்பு, நடுப்பகல் ரம்பத்துக்குக் கிடையாது. மரம் ஏறிக் கிளை அறுக்கிறவர் மட்டும் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

கழிப்பது பற்றி. மலைப்பக்கமும் வயல்பக்கமும் பார்வை திறக்கிற அளவுக்கு மட்டும் கழியுங்கள். மணிக்கட்டை விடத் தடித்த கிளையை மூன்று வெட்டாக அறுக்க வேண்டும். முதல் வெட்டு அடியிலிருந்து: தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை. இரண்டாவது, அதற்கு இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக. கிளை முறிந்து விழுந்துவிடும். மூன்றாவது, மிச்சம் நிற்கிற முண்டை, கிளை அடியில் தடித்திருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்டிச் சீவுவது. எடுத்த எடுப்பில் மேலிருந்து அறுத்தால், பாதி போகும்போது கிளை தன் பாரத்தில் மடங்கி, தண்டின் பட்டையை இரண்டு மூன்று அடிக்கு உரித்துக்கொண்டு இறங்கும். ஏணி அந்தப் பக்கம் சாத்தியிருந்தால் ஆளையும் சேர்த்து. மேலே உட்கார்ந்து செயின் சா பிடிப்பதெல்லாம் தொழில் தெரிந்தவர் வேலை. உங்களுக்குக் கை ரம்பம் போதும்.

கழித்த தழையை அன்றன்றே வண்டியில் ஏற்றி வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிடுங்கள். வேப்பந்தழைதானே என்று விடாதீர்கள். வரப்போரத்துப் புளி, கருவேலம், அத்தி எதையாவது சேர்த்துக் கழித்திருப்பீர்கள். புளியங்காயும் கருவேலங்காயும் மானுக்கு அல்வா.

பரண் அளவு ஆறுக்கு நான்கு அடி போதும், உயரம் பத்து முதல் பன்னிரண்டு அடி. அதற்கு மேல் போனால் பார்வை கூடாது, விழுந்தால் அடிதான் கூடும். (சாப்டூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கிற வாசகர்கள் இந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டாம்.) முழுப் பாரத்தையும் கிளையில் ஏற்றாதீர்கள். ஒரு பக்கம் வேம்பின் தொடை பருமன் கவட்டையில் தாங்கட்டும்; மறுபக்கத்துக்கு நான்கு அங்குலச் சவுக்குக் கால் இரண்டை இரண்டரை அடி ஆழத்தில் நட்டுக் கல் போட்டு இறுக்குங்கள். மண்ணுக்குள் போகிற முனையைக் கரையான் தின்னும். தீயில் மேலாகக் கருக்கியோ கழிவு ஆயில் பூசியோ நடுவார்கள்; ஒரு பட்டத்துக்குத் தாங்கும், இரண்டாவது வருஷம் தோண்டிப் பார்க்காமல் ஏறக் கூடாது.

காலுக்கும் கவட்டைக்கும் குறுக்கே இரண்டு உத்திரம், அதே சவுக்கு. மேலே ஆறு அங்குல இடைவெளியில் மூங்கில், அதன்மேல் பலகை. உதிய மரம் பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது என்று சும்மாவா சொன்னார்கள். முருங்கை, நாவல் கிளையும் அப்படித்தான்; சொல்லாமல் முறியும்.

உயிர்மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். ஆணி துருப்பிடிக்கும், அந்த ஓட்டை வழி தண்ணீர் இறங்கி உள்ளே மரம் மக்கும், நாளடைவில் ஆணி நிற்கும், அதைப் பிடித்திருந்த மரம் இருக்காது. கட்டுங்கள். கட்டுக்கம்பி பட்டைக்குள் அழுந்தி அறுத்துவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் பழைய டியூப் துண்டை இடையில் வைத்து முறுக்குங்கள். தேங்காய்நார்க் கயிறு நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஐப்பசி மழை ஒன்று பார்த்துவிட்டால் உள்ளுக்குள் மக்கிப் போகும், வெளியே தெரியாது. நைலான் கயிறு மக்காது, முடிச்சு வழுக்கும். பன்னிரண்டு மில்லிமீட்டர் நைலானை எடுத்து, மூன்று சுற்றுக்குக் குறையாமல் சுற்றி, இரண்டு கம்புக்கும் நடுவே குறுக்காக இரண்டு இறுக்குச் சுற்றுப் போட்டு முடிந்து, முனையை உருக்கி விடுங்கள். மூன்று புறமும் இரண்டரை அடியில் கைப்பிடிக் கம்பு அவசியம்.

ஏணி மூங்கிலாக இருக்கட்டும். இரும்பு ஏணியின் "ணங்"கை அந்தியில் வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் மழையில் வழுக்கும். டார்ச்சையும் தண்ணீர் பாட்டிலையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறாமல், பையில் போட்டுக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். மரப்பரணில் நடக்கிற விபத்துகளில் பெரும்பாலானவை ஏறும்போதோ இறங்கும்போதோ விழுவது. தூக்கத்தில் உருள்வதும் உண்டு. கட்டடக்காரர்கள் போடுகிற முழு உடம்புப் பாதுகாப்பு பெல்ட் மதுரையில் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, அதன் கயிற்றைத் தலைக்கு மேலே தண்டில் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். இடுப்பில் மட்டும் கயிறு கட்டித் தொங்கினால் மூச்சு அடைக்கும். மரத்துக்குப் பக்கத்தில் கரண்டு லைன் போனால் அந்த மரத்தையே மறந்துவிடுங்கள். இடி இறங்கத் தொடங்கினால் காவலாவது கடலையாவது, இறங்கி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒற்றை மரம் மின்னலுக்குத் தோது.

கட்டிய பிறகு உட்காருவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். தினமும் எட்டு மணிக்கு ஏறி, பத்து மணிக்கு இறங்கி, போகும்போது ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போனால், பத்தே கால் மணிக்கு மான் இறங்கும். நேரத்தை மாற்றுங்கள். ஒருநாள் அந்தியில், ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு, ஒருநாள் இரண்டு வேளையும். இரண்டு பேராகப் போனால் பேச்சு தானாக வரும். ரேடியோவை மட்டும் கட்டித் தொங்கவிட்டுப் படுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஒரே இடத்திலிருந்து இரவு முழுக்க வருகிற குரல் ஆளில்லாத குரல் என்று சில நாளில் தெரிந்துபோகும். ரேடியோ வைத்தால் இடம் மாற்றி, இடைவிட்டு வையுங்கள், நடுநடுவே உண்மையான ஆள் அந்தப் பக்கத்தில் ஒரு சுற்று நடக்கட்டும். போட்டுக் கழித்த வியர்வைச் சட்டையை மலையோர முளைக்குச்சியில் மாட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை சட்டையையும் இடத்தையும் மாற்றுவது செலவில்லாத வேலை. துவைத்த சட்டை பயன்படாது. பழைய சேலையை வேலியாகக் கட்டுவது எல்லாரும் செய்வது. காற்றில் அசைகிற வரை, மான் பழகுகிற வரை உதவும். நைலான் வலை வேண்டவே வேண்டாம். கொம்பு சிக்கி மான் செத்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வெடிக்கு ஆரம்பத்தில் இருக்கிற மரியாதை பிறகு இருப்பதில்லை. மிரண்ட கூட்டம் திசை கெட்டு ஓடும் என்பதால் அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

வனத்துறை விஷயம். சொந்தப் பட்டா நிலத்தில் காவலுக்குப் பரண் போடுவது வேட்டை ஆகாது. ஆனாலும் பழைய வேட்டை மரம் இருக்கிற காட்டில் ராத்திரி டார்ச் வெளிச்சம் தெரிந்தால் ரோந்து வருகிறவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். கட்டுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் சர்வே எண்ணோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு சுள்ளிகூட வெட்டக் கூடாது, சவுக்கை விலைக்கு வாங்கிய ரசீது இருக்கட்டும்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, இரை வைத்து வரவழைப்பது, வளைத்து விரட்டிப் பிடிக்கப் பார்ப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். பைக் கிளட்ச் ஒயரில் சுருக்கு, மரத்தடியில் உப்புக் கட்டி, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கிற வெடி) எதுவும் உங்கள் காட்டில் இருக்கக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உயர் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கென்றால் தண்டனை இன்னும் கடுமை. வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் விடுவது மானுக்கு முன்னால் மனிதனைக் கொல்லும். சோலார் மின்வேலி போடுவதென்றால் 2023இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். அதையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கேட்டுவிடலாம். சாதாரணக் கம்பிவலை வேலி என்றால் எட்டு அடி உயரம், அடியில் இடைவெளி கூடாது. புள்ளிமான் தாண்டுவதற்கு முன்னால் நுழையத்தான் பார்க்கும்.

இதுவரை போன பயிருக்கு நிவாரணம் கேட்க வேண்டுமானால், கிழிந்த கொழுந்தும் குளம்புத் தடமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்து இன்றே போட்டோ எடுங்கள். பட்டா நகல், அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) இரண்டோடும் வனச்சரகத்தில் மனு கொடுக்கலாம். மழை பெய்துவிட்டால் தடம் போய்விடும்.

பரண் ஏறிய நாளிலிருந்து தடமண்ணைத் தினமும் பார்த்து நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எத்தனை தடம், எந்த வரப்பு, அன்று எத்தனை மணிக்கு யார் பரணில் இருந்தார்கள். பத்து நாளில் ஒரு சங்கதி புலப்படும். தடம் குறையாமல், வேம்புக்கு எதிர்மூலைக்கு மட்டும் நகர்ந்திருந்தால் மான் உங்கள் பரணைச் சுற்றிப் போகப் பழகிவிட்டது. பரணைப் பிரிக்க வேண்டியதில்லை. எதிர்மூலையில் நாலு கம்பு நட்டு ஒரு தரைக் குடிசை போட்டு, ராத்திரிக்கு ராத்திரி ஆள் மாறி உட்காருங்கள்.